இந்த வருஷம் வீட்டில் பண்டிகை உண்டா

பினாங்கு
22 அக்டோபர் 2025

அலெக்ஸ்,

படம் வந்தது. அகல்விளக்கு, பக்கத்தில் தாமரை, மேலே சாய்ந்த எழுத்தில் தீபாவளி நல்வாழ்த்துகள். உங்கள் ஊர் நேரத்துக்குக் காலை 6.10. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுக்கு 6.09க்கு அனுப்பியிருப்பாய் என்று நினைத்தேன். அல்லது 6.11. நடுவில் எங்கோ நான்.

கோபமாக ஆரம்பிக்கக் கூடாது என்று இரண்டு தாள்களைக் கிழித்தேன். இது மூன்றாவது.

ஒன்பது மாதமாக ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா. அங்கே மழையா. அத்தை மாத்திரை போட்டார்களா. கடைசியில் நீ சரி என்கிறாய். நானும் சரி என்கிறேன். வைத்த பிறகு, அந்த அரைமணி நேரம் அறையில் யாருமே பேசாத மாதிரி இருக்கிறது.

ஆகவே போன் வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. வெறும் சரியை ஒரு தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் மட்டும் பேசுவேன். அவர்கள் வழியாக எதையும் சொல்லி அனுப்பாதே.

இங்கே தீபாவளிக்குக் கதவைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். மலாய்க்காரர், சீனர், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகலாம். நான் யாரையும் கூப்பிடவில்லை. அதைப் பற்றி எழுத வரவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்ததை எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை மெய் லிங். குடுவையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "இந்த வருஷம் உங்கள் வீட்டில் பண்டிகை உண்டா?"

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன்.

"போன வருஷம் அப்பா இறந்தார் என்றாயே. எங்கள் சீனர்களிலும் துக்கத்துக்கு ஒரு வருஷம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு மாறும். தெரியாமல் வாழ்த்துச் சொல்லக் கூடாது. தெரியாமல் சொல்லாமலும் இருக்கக் கூடாது. அதனால்தான் கேட்டேன்."

கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

போன டிசம்பரில் நம் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. குடில் வைக்கவில்லை. இருபத்தைந்தாம் தேதி காலையில் வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த உன் தங்கை பெல்சி, நான் வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். ஆறு வருஷமாக எனக்கு ஹேப்பி கிறிஸ்மஸ் சொன்னவர்கள் ஒருவர்கூட அன்று சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஏன் என்று இப்போதாவது எழுது. அடுத்த பதினெட்டாம் நாள் நான் விமானம் ஏறினேன். அதற்கு ஏன் என்று நீ கேட்கவே இல்லை.

சத்தியா


காரைக்குடி
4 நவம்பர் 2025

சத்தியா,

தாளைப் பார்த்துச் சிரிக்காதே. காலாண்டுத் தேர்வில் மிஞ்சிய கூடுதல் விடைத்தாள். பதிவெண் எழுதும் கட்டத்தை அடித்திருக்கிறேன். இடதுபக்கம் ஓரம் விட்டிருக்கிறேன், நீ மதிப்பெண் போடுவதற்கு.

படிப்படியாக எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

போன டிசம்பர் முதல் வாரம். ஸ்டாஃப் ரூமில் முத்துக்கண்ணன் சாரிடம் கேட்டேன். உங்கள் வழக்கமெல்லாம் தெரிந்தவர், உன் அப்பா காரியத்துக்கும் வந்தவர் என்பதால்தான்.

"துக்க வீடு சார். ஒரு வருசத்துக்கு ஒண்ணும் கெடையாது. வாழ்த்துன்னு வாயத் தொறந்துறாதீக. சங்கடப்படுவாக."

"கிறிஸ்மஸ் எங்க பண்டிகைதானே சார்?"

"வீடு ஒண்ணுதான சார்?"

வீடு ஒன்றுதான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நீ துக்கத்தில் இருக்கிறாய், ஆகவே நம் வீடு துக்கத்தில் இருக்கிறது. அன்று ஸ்கூட்டரில் வரும்போது ஒருவிதமாகப் பெருமையாகக்கூட இருந்தது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்டாரைப் பரணில் எடுத்து வைத்தேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சித்தியிடம், பெல்சியிடம், பாட்டுக் குழுவிடம்.

"மதினிக்கு ஹேப்பி கிறிஸ்மஸ்கூடச் சொல்லக் கூடாதாண்ணே? மூஞ்சியப் பாத்துக்கிட்டு சும்மாவா நிக்கிறது?" என்றாள் பெல்சி.

"நில்லு" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. உன்னை விலக்க நினைக்கவில்லை. உன் துக்கத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தூக்குகிறேன் என்று உன்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பதிவுத் திருமணத்தன்று, நீ உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். உன் அப்பா என்னை எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீயை அவரே ஆற்றிக் கொடுத்தார்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணுதான். எம்புள்ள ஒங்க வீட்டுக்கு வருது. ஒங்க சாமிக்கு வரல. நாளப்பின்ன அவளா வந்தா வரட்டும். நீங்களாக் கூப்புடாதீக."

"கூப்பிட மாட்டேன் மாமா."

ஞாயிறுதோறும் கோயில் வாசல்வரை வந்து என்னை இறக்கிவிட்டு நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு போவாய். ஒருநாளும் உள்ளே வா என்று நான் சொன்னதில்லை. பண்டிகையன்றும் சொன்னதில்லை. சொல்லிவிடுவேனோ என்று பயந்து சில நாள் வண்டி நிற்பதற்குள்ளேயே இறங்கியிருக்கிறேன்.

கூப்பிடாமலே இருந்து பழகிவிட்டது. நீ பினாங்கு போகிறேன் என்றபோது, ஏன் என்று கேட்டால் போகாதே என்று சொல்வதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். உன் படிப்பு, உன் வேலை. அதில் நான் கை வைக்கக் கூடாது.

நான் உன்னை மதித்தேன் சத்தியா. அது போதாதா என்று கேட்க நினைத்தேன். திருச்சி விமான நிலையத்தில் நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தது நினைவுக்கு வந்ததால் கேட்கவில்லை.

அம்மா மாத்திரை போடுகிறார்கள்.

அலெக்ஸ்

பி.கு. படம் குழுவுக்குப் போனது 6.08க்கு. உனக்கு அனுப்பலாமா என்று இரண்டு நிமிடம் யோசித்தேன்.


பினாங்கு
19 நவம்பர் 2025

அலெக்ஸ்,

ஆக, ஒரு டீக்கடையில் என்னைப் பேசி முடித்துவிட்டீர்கள். அப்பாவும் நீயும். நான் உள்ளே சாட்சிகளுக்கு எங்கே கையெழுத்து என்று காட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

அப்பா மீது இப்போது கோபப்பட முடியாது. ஆகவே அவர் பங்கும் உனக்கே.

வாசலில் உன்னை இறக்கிவிட்டு நான் உடனே போனதில்லை. எதிரில் பழக்கடை. ஆரஞ்சு விலை கேட்பேன். உள்ளே முதல் பாட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே எரிச்சல். நீ கூப்பிடாதது மரியாதை என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைக் கூட்டிப்போக உனக்கு வெட்கமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முத்துக்கண்ணன் சார் சொன்னது தப்பு. அவர் சொன்னது பங்காளி வீட்டுக்கு. என் அண்ணன் வீட்டுக்கு, சித்தப்பா வீட்டுக்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எங்கள் வழக்கத்தில் கருமாதியோடு துக்கம் முடிந்துவிடும். பதினாறு நாள். அதற்குமேல் எனக்கு அழ உரிமை இல்லை.

இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

போன தீபாவளிக்கு மானகிரிக்கு, அப்பா வீட்டுக்குப் போனேன், நினைவிருக்கிறதா. துக்க வீடு என்பதால் அங்கே எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு தூக்கில் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்கு மூத்தவள் பெரியத்தா பார்த்தாள்.

"நீ அங்குட்டுப் போயி உக்காரு ஆத்தா. நீ கட்டிக்குடுத்த புள்ள. ஒனக்கு எல்லாம் கருமாதியோட முடிஞ்சிருச்சு. நல்ல நாளும் அதுவுமா இங்க என்ன செய்ற? ஒன் வீட்டுக்குப் போயி ஒன் பண்டிகயக் கொண்டாடு."

கோபமாகச் சொல்லவில்லை. தலையைத் தடவித்தான் சொன்னாள்.

என் பண்டிகை. அது எது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். தீபாவளி இல்லை. அதில் இனி அப்பா இல்லாத இடம் ஒன்று இருக்கும். பொங்கலும் அப்படித்தான். அப்பா நுழையாத ஒரே பண்டிகை உங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ். அதை மட்டும் சாவு தொட்டிருக்காது. அத்தை மாவு பிசைவார்கள், பெல்சி கத்துவாள், நான் ஸ்டாருக்கு ஒயர் இழுப்பேன். ஒருநாள் முழுக்கச் சாதாரணமாக இருக்கலாம்.

ஐம்பத்தைந்து நாள் எண்ணினேன்.

பிறகு நடந்ததை நீயே எழுதிவிட்டாய்.

துக்கப்படுகிறவர்களோடு உட்கார விடவில்லை. கொண்டாடுகிறவர்களோடும் இல்லை. இரண்டு இடத்திலும் மிகுந்த மரியாதையோடு.

ஒரு செய்தி. இந்த வேலையை இன்னொரு வருஷம் நீட்டிக்கிறார்கள். படிவம் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் பதினைந்து கடைசி நாள். வேலை பிடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷக் கடைசிவரை இங்கேதான். போடாவிட்டால் ஜனவரியில் காரைக்குடி. எந்த வீட்டுக்கு என்றுதான் தெரியவில்லை.

சத்தியா


காரைக்குடி
3 டிசம்பர் 2025

சத்தியா,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மானகிரிக்குப் போனேன்.

உன் அண்ணன் வீரபாண்டியன் மோட்டார் கொட்டகையில் இருந்தார். பெல்ட் அறுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

"வாங்க மாப்ள. என்ன, வாத்தியாருக்குப் பள்ளிக்கொடம் இல்லையா? பிள்ளைக நிம்மதியா இருக்குமே."

போன தீபாவளியைப் பற்றிக் கேட்டேன். அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துச் சுருட்டினார்.

"சொன்னது பெரியத்தா. நானும் பக்கத்துலதான் இருந்தேன். இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அத்தன சனத்துக்கு நடுவுல வாய் வரல. ஒங்களுக்குத் தெரியுமா மாப்ள, அவ கையில ஒரு பை இருந்துச்சு. மாத்துத்துணி. பத்து நாளு இருக்கணும்னு வந்தவ. அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஏத்திவிட்டுட்டம்."

அந்தப் பையை நான் பார்த்தேன் சத்தியா. கதவைத் திறந்தது நான்தான். "அதுக்குள்ள வந்துட்டியா" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு கேட்டேன். என்னை விட்டு இருக்க முடியாமல் வந்துவிட்டாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இதற்குமேல் படிப்படியாக எழுத முடியவில்லை.

பழக்கடை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டில் அத்தனை ஆரஞ்சு ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"என்னடா எழுதுற, பரீச்சையா?"

"சத்தியாவுக்கு. இந்த வருஷம் பண்டிகை உண்டான்னு கேக்கப்போறேன்."

"லெட்டரு எப்பப் போயிச் சேரும்?"

"ரெண்டு வாரம்."

"அவ பதிலு?"

"இன்னும் ரெண்டு வாரம்."

"அப்ப சேசு சாமி சனவரியில பெறக்கட்டும்."

பிறகு பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்கள். "போன வருசமே கேட்டேன். அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடான்னு. அதெல்லாம் எனக்குத் தெரியும்மான்னுட்ட. நானாவது கேட்டிருக்கணும். ஊமச்சி மாதிரி ஒக்காந்திருந்தேன்."

பதினைந்தாம் தேதி என்று எழுதியிருக்கிறாய். இது பதினைந்துக்குள் வந்து சேராது. கணக்கு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்காதே. தெரியும். போன் வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். இந்த ஒன்றிலாவது உன் பேச்சை மீறாமல் இருக்கிறேன். மீற வேண்டும் என்று நீ நினைக்கிறாயா என்பது எனக்குத் தெரியவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுத மாட்டேன். போடு என்றும் எழுத மாட்டேன். யாரிடமோ கேட்டதை உன்னிடம் கேட்கிறேன்.

இந்த வருஷம் நம் வீட்டில் பண்டிகை உண்டா?

அலெக்ஸ்


பினாங்கு
14 டிசம்பர் 2025, ஞாயிறு

அலெக்ஸ்,

உன் பதில் வரவில்லை. வந்துகொண்டிருக்கலாம். வராமலே போகலாம். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு காவலர், சூசை என்று பெயர். இங்கேயே பிறந்த தமிழர். அறுபது வயது இருக்கும். தீபாவளிக்கு எனக்கு வாழ்த்துச் சொன்னார். போன வாரம் கடைக்குப் போய்விட்டு வரும்போது என் பையில் ஒரு காகித ஸ்டார். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை, இரண்டு ரிங்கிட்தான். பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அட, நீங்க நம்ம ஆளுங்களா? ஏம்மா சொல்லல?"

"ஆமாம்" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. லிஃப்டில் ஏறிய பிறகுதான் பயமாக இருந்தது. பொய்யா? அப்பாவின் கருப்பர் படம் என் மேசையில்தான் இருக்கிறது. நேற்றும் சூடம் காட்டினேன். நான் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அந்த ஆமாம் முழுப் பொய்யாகத் தோன்றவில்லை. உன் வீட்டு ஆள்தானே. ஆறு வருஷம் ஒயர் இழுத்திருக்கிறேன்.

இன்று காலை என்னைத் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிப்போனார். மனைவி, இரண்டு மகள்கள், நான். கூப்பிட்டார், போனேன். அவ்வளவு எளிதாக இருந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முன்வரிசை அம்மாவின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் உட்கார்ந்தால் நானும். ஒருமுறை அவர் கைக்குட்டை எடுக்கக் குனிந்தார், நானும் குனிந்துவிட்டேன்.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு ஜெபம் சொன்னார்கள். நீ காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே முணுமுணுப்பாயே, அது. உன் முணுமுணுப்பில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிரிந்து கேட்டதில்லை. இன்று இருநூறு பேர் சத்தமாகச் சொன்னபோது எல்லா வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. மேல் பொத்தான், இரண்டாவது பொத்தான், கைப் பொத்தான். எந்த வரிக்கு எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

பக்தி வரவில்லை. நீ பக்கத்தில் இல்லை என்பது மட்டும் வந்தது. உன்னோடு நுழைய வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒரு குடும்பத்தோடு நுழைந்துவிட்டேன்.

நாளை கடைசி நாள். காலையில் கையெழுத்துப் போடுவேன். போடாமல் இருக்க ஒரு காரணம் சொல் என்று உன்னைக் கேட்க நேரமில்லை. போன் வேண்டாம் என்று விதி போட்டவள் நானே.

போன் மேசைமேல் இருக்கிறது. முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.

சத்தியா


காரைக்குடி
26 டிசம்பர் 2025

சத்தியா,

பதினான்காம் தேதி இரவு ஏழுமுறை உன் எண்ணை எடுத்தேன். ஆறுமுறை அழுத்தவில்லை. ஏழாவது முறை அழுத்தி, மணி அடிப்பதற்கு முன் வெட்டிவிட்டேன். இதை எழுதினால் உனக்குக் கோபம் வரும். எழுதாவிட்டால் இன்னொரு விஷயத்தை உன்னிடமிருந்து மறைத்ததாகும்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு. அம்மாவின் போன் அடித்தது. நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "ஆமாத்தா." பிறகு நீண்டநேரம் ஒன்றும் இல்லை. "சரித்தா. அழுகாத." அப்புறம், "நீ சொல்லிட்டேல்ல, நான் பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டுப் பச்சரிசியை அளந்து ஊறப்போட்டார்கள். வெல்லம் வாங்கிவரச் சொன்னார்கள். எத்தனை கிலோ என்று கேட்டேன்.

"ரெண்டு. எப்பவும் வாங்குறதுதான. மானகிரிக்கும் குடுத்துவிடணும்ல."

பண்டிகை உண்டு என்று சொல்லியிருக்கிறாய் என்பதை அப்போது புரிந்துகொண்டேன். பிறகு, அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார்கள். "கையெழுத்துப் போட்டுட்டாளாம். இன்னொரு வருசம். லெட்டரு மூணு நாளு கழிச்சு வந்துச்சாம். நல்லா இருக்குதுடா ஒங்க கூத்து. கைக்குள்ள போன வச்சுக்கிட்டு."

நான் வெல்லக் கடைக்குப் போனேன். கடையில் கொஞ்சநேரம் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

ஸ்டார் கட்டினேன். ஒயர் எந்த ஜன்னல் வழியாக வரும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ எப்படி இழுப்பாய்? கதவு வழியாக இழுத்துவிட்டேன், கதவு சாத்த முடியவில்லை.

நேற்றுக் காலைப் பூசை. முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். மதினி எங்கே. சத்தியா வரலையா. போன வருஷம் ஒவ்வொருவரிடமும் வாழ்த்துச் சொல்லாதே என்று சொன்ன அதே படியில் நின்றுகொண்டிருந்தேன். போனை எடுத்தேன். இந்தமுறை வெட்டவில்லை.

நீ எடுத்தாய். ஹலோ என்றாய். எனக்கு ஒன்றும் வரவில்லை. உனக்கும் வரவில்லை. உன் பக்கம் ஏதோ மின்விசிறிச் சத்தம்.

பெல்சி பிடுங்கிவிட்டாள். "மதினி, ஹேப்பி கிறிஸ்மஸ். போன வருசத்துக்கும் சேத்து. இவன் பேச்சக் கேட்டு ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு நின்னேன் பாருங்க, அது இன்னும் நெஞ்சுல கெடக்கு." அப்புறம் சித்தி. அப்புறம் பாட்டுக் குழு முழுவதும், ஆளுக்கு ஆள் கையிலிருந்து கைக்கு. பங்குச் சாமியார்கூட வாங்கிப் பேசினார். போன் எனக்குத் திரும்பி வந்தபோது சூடாக இருந்தது. பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டிருந்தது.

நான் மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மாவும் நானும் தூக்கோடு மானகிரிக்குப் போனோம். உன் அண்ணன் வாசலிலேயே நின்று, "ஹேப்பி கிறிஸ்மஸ் மாப்ள" என்றார். அந்த வார்த்தையை முதன்முறையாகச் சொல்கிறார் போல, கொஞ்சம் வெட்கத்தோடு. பெரியத்தா அதிரசத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எண்ண குடிச்சிருக்கு. சத்தியா இருந்தா பாகு பதம் பாத்திருப்பா." அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

உன் அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தையை ஏழு வருஷம் காப்பாற்றினேன். இனி முடியாது. அவர் என்னை மன்னிக்கட்டும்.

வா. அடுத்த வருஷம், அதற்கு அடுத்த வருஷம், எப்போது முடியுமோ அப்போது. கோயிலுக்குள் வா, விருப்பம் இல்லையென்றால் பழக்கடையில் நில், நானும் அங்கே வந்து நிற்கிறேன். கூப்பிடுகிறேன் சத்தியா.

அலெக்ஸ்


பினாங்கு
9 ஜனவரி 2026

அலெக்ஸ்,

இருபத்து மூன்று பேர். எண்ணினேன். சாமியாரையும் சேர்த்து. அவர் என் பெயரைச் சரஸ்வதி என்று சொன்னார். திருத்தவில்லை.

போன் அணைந்த பிறகும் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்காவதாக நீ வருவாய் என்று.

ஒயர் சமையலறை ஜன்னல் வழியாக வரும். மேல் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. விரல் போகும், கை போகாது.

கையெழுத்துப் போட்டதற்கு வருத்தப்படவில்லை. இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்த வேலை என்னுடையது, அதை முடிக்க ஆசைப்படுகிறேன். உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்தேன். பேனாவைக் கீழே வைத்திருப்பேனோ என்னவோ. அந்த ஏழாவது முறை நீ வெட்டாமல் இருந்திருந்தால் நிச்சயமாக வைத்திருப்பேன். சொல்லியதை எல்லாம் அப்படியே செய்யும் ஒருவனைக் கட்டிக்கொண்டு, சொல்லாததைச் செய்யவில்லையே என்று கடல் தாண்டி அழுதுகொண்டிருக்கிறேன். மெய் லிங் இதைக் கேட்டுவிட்டு, இருவருக்கும் பைத்தியம் என்றாள்.

இந்தத் தாள் வருவதற்குள் நீயும் அத்தையும் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்வந்திருப்பீர்கள். உங்களைக் கூப்பிடச் சொல்லி அண்ணனிடம் பேசிவிட்டேன். அத்தை அதிரசம் மட்டும் கொண்டுபோகாமல் இருந்திருக்க வேண்டும்.

இன்று பல்கலைக்கழகக் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வருஷம் வேலை பார்ப்பவர்களுக்குக் குடும்பத்தோடு தங்கத் தனி வீடு கொடுக்கிறார்கள். ஓர் அறை, ஒரு சின்னச் சமையலறை. விண்ணப்பம் வாங்கி அங்கேயே நிரப்ப உட்கார்ந்தேன். உறவுமுறை: கணவர். தொழில்: ஆசிரியர். இங்கே பல படிவங்களில் மதம் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. என் பெயருக்கு நேராக இந்து என்று எழுதினேன். உன் பெயருக்கு நேராகக் கிறிஸ்தவர். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முகவரிக்கு ஒரே ஒரு கட்டம்தான் கொடுத்திருந்தார்கள்.

உனக்கு மே மாதம் விடுமுறை. கணவர் வரும் தேதி என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அலுவலக அம்மா, குத்துமதிப்பாக ஏதாவது போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"அவரைக் கேட்க வேண்டும்" என்றேன்.

"போன் செய்து கேளுங்களேன்."

இதைத் தபாலில் போட்டுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று உனக்குப் போன் செய்யப்போகிறேன். வருகிறாயா என்று கேட்பேன். இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது நீ பதில் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருக்கும். என்ன சொன்னாய் என்று உனக்குத் தெரியும். இதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியாது.

சத்தியா